உருளைத் தூணும் அரை மில்லிமீட்டர் பிழையும்



சென்னையில் நின்று கஅபாவை நோக்கித் தொழும் ஒருவர் தம் திசையில் ஒரு பாகை விலகி நின்றால், அவர் நோக்கும் கோடு மக்காவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டு ஊர்களுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 4,380 கிலோமீட்டர் என்பதால் வருகின்ற கணக்கு இது. தொலைவில் வாழ்வோர் இயன்ற அளவு முயன்று நேரே நின்றால் போதும் என்னும் இலகுவை மார்க்கம் நமக்குத் தந்திருக்கின்றது. இரும்பு அந்த இலகுவை எவருக்கும் தருவதில்லை. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; ஒரு படகுக்காரரின் பொருளைக் கெடுத்த பிறகே அறிந்து கொண்டேன்.

குடும்ப இதழில் பட்டறைக் கதையா என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடும் மகனோ, வளைகுடாவில் பல்லாண்டு டர்னராகவும் ஃபிட்டராகவும் உழைத்துத் திரும்பிய கணவரோ நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றார். சேமித்த பணத்தில் ஒரு சிறு இயந்திரம் வாங்கி, வீட்டு முன்புறத்துக் கொட்டகையில் போட்டு, ஹலாலான வழியில் நான்கு காசு பார்க்கலாமே என்று அவர்கள் எண்ணுவதும் இயற்கை. அப்படி எண்ணுவோர் கைக்கு எளிதில் எட்டுவது உருளைத் தூண் மில்லிங் இயந்திரமே. அதன் குணம் தெரியாமல் வாங்கினால் என்ன நேரும், தெரிந்து வாங்கினால் எவ்வாறு சமாளிக்கலாம் என்பதையே இங்கு எழுதுகின்றேன்.

உங்கள் வீட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டு மின்விசிறி இருக்கிறதா? அதன் கழுத்துத் திருகைத் தளர்த்திக் குழாயை மேலே இழுத்துப் பாருங்கள். உயரம் கூடும்போதே விசிறியின் முகமும் சற்றுத் திரும்பிவிடும். குழாய் உருண்டையாக இருப்பதால் அதைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. கட்டிலை நோக்கி வீசிய காற்று சன்னலை நோக்கி வீசும்; நாம் கையால் திருப்பிவிட்டுப் படுத்துக் கொள்வோம். நான் சொல்லும் இயந்திரத்தின் அமைப்பும் முழுக்க முழுக்க இதுதான். கனத்த வார்ப்பிரும்பு அடித்தளம். அதன்மேல் சுமார் 115 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தூண். தூணைக் கவ்விக் கொண்டு நிற்கும் தலை. தலைக்குள்ளே ஸ்பிண்டில் சுழலும். அதன் நுனியில் வெட்டும் கருவி. கீழே, இடவலமாகவும் முன்பின்னாகவும் நகரும் மேசையில் வேலைப்பொருள் பிணைக்கப்பட்டிருக்கும்.

தைவான் நாட்டு ரோங் ஃபூ நிறுவனத்தின் ஆர்.எஃப். 30, ஆர்.எஃப். 31 என்னும் இயந்திரங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அதே வடிவில் பிறர் செய்தவற்றையும் உலகெங்கும் ஆர்.எஃப். 30 வகை என்றே தொழிலாளர் குறிப்பிடுவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டுப் பின்புறத்தில் பட்டறை வைத்திருப்போர் இவற்றை ஏராளமாக வாங்கினர். விலை மலிவு என்பதே காரணம். உருண்டைத் தூணை லேத்தில் கடைந்து, சாணை பிடித்து முடித்துவிடலாம். சதுரத் தூணில் தலை வழுக்கி ஏறுவதற்குப் புறாவால் வடிவப் பள்ளம் வெட்டி, இரு பரப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை தேய்த்துச் சீராக்க வேண்டும். அதற்கு நேரமும் கைத்திறனும் அதிகம் தேவை. அத்தகைய தூணுடன் பிற்காலத்தில் வந்தது ஆர்.எஃப். 45 வகை. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற இயந்திரமோ இந்தத் தொல்லையையே வேறு வழியில் தீர்த்துவிட்டது: அங்கே உயரத்தை மாற்றும்போது தலை அசையாது; மேசைதான் தன் தடத்தில் ஏறி இறங்கும். அதன் எடையும் விலையும் வீட்டுக் கொட்டகைக்கு ஆகாதவை.

படகுக்காரர் கொண்டுவந்த மூடி

நான் பழைய உருளைத் தூண் இயந்திரம் ஒன்றை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வலை இழுக்கும் விஞ்சின் கியர்ப் பெட்டி மூடியை ஒரு படகுக்காரர் கொண்டு வந்தார். பழைய மூடி உடைந்துவிட்டது. அதே அளவில் புது வார்ப்பு அவரிடம் இருந்தது. அதில் 8 மில்லிமீட்டரில் இரண்டு டவல் துளைகளும், நடுவே 6204 பேரிங் அமர 47 மில்லிமீட்டர் துளையும் போட வேண்டும். டவல் துளைகள் மூடியைப் பெட்டியின்மேல் இடம் பிசகாமல் உட்கார வைப்பவை. நடுத்துளை தண்டைத் தாங்குவது. ஆகவே, தனித்தனியே அவை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. ஒன்றுக்கொன்று உரிய இடத்தில் இருக்க வேண்டும்.

டவல் துளைகளைச் சக்கில் ட்ரில் மாட்டித் துளைத்தேன். பிறகு ரீமர் மாட்டி முடித்தேன். சக்கும் ரீமரும் சேர்ந்து நீளம் அதிகமாதலால் தலை உயரத்தில் இருந்தது. அடுத்துப் போரிங் ஹெட்டை மாட்டினேன். அது குட்டையானது. ஸ்பிண்டிலை முழுவதும் கீழே நீட்டிக் கொண்டு கடைந்தால் அதிர்வு வரும் என்று பயந்து, தலையைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றித் தலையைக் கீழே இறக்கினேன். போல்ட்டுகளை இறுக்கினேன். மேசையின் அளவுத் தட்டுகள் காட்டியபடி நடுவிடத்துக்கு வந்து கடைந்தேன். துளை பளபளவென்று வந்தது. அஸர் தொழுகைக்கு முன்பாக வேலை முடிந்துவிட்டதே என்று மனம் குளிர்ந்தது.

மறுநாள் மூடியைப் பொருத்தினார்கள், தண்டு சுற்றவில்லை. படகுக்காரர் மூடியைத் திருப்பிக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "பாய், நல்லவேளை கரையிலேயே தெரிஞ்சுது. கடலுக்குள்ள போய்ச் சிக்கியிருந்தா யாரைக் கூப்பிடுறது?" என்றார். அந்தச் சொல் ஏச்சைவிட வலித்தது. அளந்து பார்த்தேன். நடுத்துளை இடப்பக்கமாக 0.45 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. வார்ப்பில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம், நம்பியுமிருப்பார். ஆனால் ஒருவர் நம்மை நம்பித் தந்த பொருள் அமானிதம் அல்லவா? என் பிழைதான் என்று சொல்லி நான்கு நாள் தவணை கேட்டேன்.

பிழை எங்கிருந்து வந்தது?

ஸ்பிண்டிலின் நடுவுக்கும் தூணின் நடுவுக்கும் உள்ள தூரம் என் இயந்திரத்தில் ஏறக்குறைய 260 மில்லிமீட்டர். தலை தூணைச் சுற்றி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே ஸ்பிண்டில் 0.45 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பத்தில் ஒரு பாகையைக் கண்ணால் காண இயலாது; கையால் உணரவும் இயலாது. கைப்பிடியைச் சுற்றும்போது தலையின்மேல் முழங்கை பட்டாலே போதும். பேரிங் துளைக்கு வேண்டிய 0.01 மில்லிமீட்டர் நுட்பத்தை எட்ட வேண்டுமானால் தலை எட்டு விநாடிக் கோணம்கூடத் திரும்பலாகாது. ஒரு பாகையில் 3,600 விநாடிகள் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

தூணோடு ஒரு பற்சட்டம் இருக்கிறதே, அது தலையைத் திரும்பவிடாமல் பிடித்துக் கொள்ளாதா என்று புதிதாக வாங்கியவர் கேட்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தலையை வேண்டிய பக்கம் திருப்பி வைத்துத் துளைக்கும் வசதிக்காகவே இந்த இயந்திரம் உருளைத் தூணோடு செய்யப்பட்டது. எனவே பற்சட்டமும் மேல்வளையத்துக்கும் கீழ்வளையத்துக்கும் இடையே தூணைச் சுற்றித் தாராளமாக நகரும். அது தலையை ஏற்றி இறக்குவதற்கு மட்டுமே. திசை காட்டுவதற்கு அன்று.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தலை மேசைக்கு நேராக முன்னோக்கி இருக்கும்போது சற்றுத் திரும்பினால் ஸ்பிண்டில் ஒரு வட்டத்தின் விளிம்பில் நகர்கின்றது. அந்த நகர்ச்சி பெரும்பாலும் இடவலமானது. 0.45 மில்லிமீட்டர் பக்கவாட்டில் போகும்போது முன்பின்னாக நகர்வது 0.0004 மில்லிமீட்டர்தான், அதைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. ஆகவே தலையை ஏற்றி இறக்கிய பின் பெரும்பாலும் இடவல அளவை மீட்டுக் கொண்டாலே போதும். தலையை 30 பாகை, 40 பாகை சாய்த்துத் திருப்பி வைத்து வேலை செய்பவருக்கு இச்சலுகை கிடையாது. தூணே முன்னோ பின்னோ சாய்ந்திருந்தாலும் இது பொருந்தாது. 300 மில்லிமீட்டர் உயரத்தில் 0.1 மில்லிமீட்டர் சாய்வு இருந்தால், தலையை 100 மில்லிமீட்டர் இறக்கும்போது 0.03 மில்லிமீட்டர் பிழை தானாகவே வந்து சேரும். இயந்திரத்தை நிறுவும்போதே தூணின் அடியில் மெல்லிய தகடு வைத்து இதைச் சரி செய்து கொள்ள வேண்டும்.

தலையை அசைக்காமல் இருப்பதே முதல் மருந்து

என் அனுபவத்தில் பத்து வேலைகளில் எட்டுக்குத் தலையை நகர்த்த வேண்டிய தேவையே இல்லை, சோம்பலால் நகர்த்துகின்றோம். இவ்வகை இயந்திரங்களில் ஸ்பிண்டில் தன் உறைக்குள்ளிருந்து சுமார் 13 சென்டிமீட்டர் கீழே இறங்கும். முதலில் வேலை முழுவதையும் காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். எந்தக் கருவி மிக நீளம், எது மிகக் குட்டை என்று அளந்து பாருங்கள். வேறுபாடு 13 சென்டிமீட்டருக்குள் அடங்குமானால் நீளமான கருவிக்கு ஏற்பத் தலையை ஒரு முறை நிறுத்தி, வேலை முடியும்வரை அந்தப் போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம். அடங்காவிட்டால் நீளத்தைக் குறைக்க வழி தேடுங்கள். ட்ரில் சக் ஒன்றே ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் இடத்தைத் தின்றுவிடும். அதற்குப் பதில் ட்ரில்லைக் காலெட்டில் பிடித்தால் அவ்வளவும் மிச்சம். குட்டை ட்ரில்கள் கடைகளில் கிடைக்கின்றன. வேலைப்பொருளின் அடியில் சமமான கட்டைகளை வைத்து உயர்த்துவதும் ஒரு வழி. அந்தப் படகு மூடியை நான் இப்படி எண்ணிப் பார்த்திருந்தால், காலெட்டில் ரீமரைப் பிடித்து, ஒரே உயரத்தில் முடித்திருப்பேன்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நகர்த்துவதற்கு முன்பே ஓர் அடையாளம் வைத்துக் கொள்ள வேண்டும். தொலைந்த பின் தேடுவது இரட்டிப்பு வேலை. மேசையின் ஒரு மூலையில் சாணை பிடித்த 10 மில்லிமீட்டர் முளை ஒன்றை அசையாமல் பிணைத்து வைத்திருக்கின்றேன். தலையைத் தளர்த்துமுன் எட்ஜ் ஃபைண்டரால் அந்த முளையின் இரு பக்கங்களையும் தொட்டு, நடுவின் இடவல அளவைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவிடுவேன். தலையை நகர்த்தி இறுக்கிய பிறகு மறுபடியும் அதே முளையைத் தொடுவேன். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே தலை திரும்பிய அளவு. அதைக் கூட்டியோ கழித்தோ வேலையைத் தொடரலாம். டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்தியவர்கள் அந்த இடத்தில் எண்ணை மாற்றி அமைத்துக் கொண்டால் முடிந்தது. மேசையை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துங்கள். திருகாணியின் தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று: அளவு பார்ப்பது போல்ட்டுகளை இறுக்கிய பிறகுதான். தளர்ந்திருக்கும்போது தலை தன் கனத்தால் சற்று முன்குனிந்து நிற்கும். இறுக்கும்போது நிமிரும், அத்துடன் ஒரு பக்கமாக இழுபடவும் செய்யும். இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக, எப்போதும் அதே வரிசையில் இறுக்க வேண்டும். முழுவதும் கழற்றித் தளர்த்தவும் வேண்டாம். தலை நகரும் அளவுக்கு இளகினால் போதும்.

தூணுக்கு இணையாக ஒரு செங்குத்துச் சட்டம் பொருத்தி, தலையில் இரண்டு பேரிங்குகளை வைத்து அதன்மேல் உருள விடுவோரும் உள்ளனர். பார்வைக்கு அழகானது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சட்டம் தூணின் நடுவிலிருந்து 90 மில்லிமீட்டரில் இருந்து, அங்கே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 260 மில்லிமீட்டரில் உள்ள ஸ்பிண்டிலில் அது ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். வலுவான சுருளைக் கொண்டு தலையை எப்போதும் ஒரே பக்கம் அழுத்தி வைத்தால் ஓரளவு பயன் உண்டு.

எனக்குப் பிடித்த முறை லேசர். தலையின்மேல் சிறிய லேசர் விளக்கொன்றை அசையாமல் பொருத்தி, நேர் எதிரே உள்ள சுவரில் ஒளி விழச் செய்கின்றேன். தூணின் நடுவிலிருந்து சுவர் 5.2 மீட்டர்; அதாவது 260 மில்லிமீட்டரின் இருபது மடங்கு. ஸ்பிண்டிலில் 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தால் சுவரில் ஒரு முழு மில்லிமீட்டர் நகரும். சுவரில் தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, தலையை ஏற்றினாலும் இறக்கினாலும் ஒளி அந்த நூலைவிட்டு விலகாதபடி நிறுத்தி இறுக்குவதுதான் முறை. இதற்குத் தூண் இடவலமாகச் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டம் வைத்து முதலில் அதைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஒளிப்புள்ளி அகலமாக விழுவதால், நுண்ணிய பிளவுள்ள தகட்டை விளக்கின்முன் ஒட்டியிருக்கின்றேன். அரை மில்லிமீட்டர் வரை கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஸ்பிண்டிலில் அது 0.025 மில்லிமீட்டர். போல்ட் துளைகளுக்கு இது தாராளம். பேரிங் துளைக்கு லேசரோடு நிறுத்தாமல் முளையையும் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

இந்த உபாயத்தின் வேர் நம் முன்னோரிடமே இருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு. சிறு கோணத்தைக் காண ஆரத்தை நீட்டு என்பதே இதன் சூட்சுமம். 994ஆம் ஆண்டு ரய் நகரில் அல் குஜந்தி சுமார் 20 மீட்டர் ஆரமுள்ள வில்லை அமைத்துச் சூரியனின் உயரத்தை அளந்தார். 15ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் உலூக் பேக் கட்டிய வானாய்வுக் கூடத்தின் வில்லுக்கு ஆரம் சுமார் 40 மீட்டர். அவ்வளவு பெரிய வில்லில் ஒரு பாகை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம் பெறும். ஆகவே பாகையின் மிகச் சிறு பங்குகளையும் அவர்களால் படிக்க முடிந்தது. 1206ஆம் ஆண்டில் தம் இயந்திர நூலை முடித்த அல் ஜஸரீ, நீர் கசியாதபடி வால்வையும் அதன் இருக்கையையும் குருந்தப் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையை விவரித்திருக்கின்றார். பட்டறை வேலை தாழ்ந்த வேலை என்று பெண் பார்க்கும்போது முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். கைலி கட்டிக் கொண்டோ, நீண்ட கை ஜிப்பாவை மடிக்காமலோ, கையுறை மாட்டிக் கொண்டோ அவர் இயந்திரத்தின் முன் நின்றால் உள்ளே போய் மாற்றி வரச் சொல்லுங்கள். சுழலும் ஸ்பிண்டில் ஒரு நூலைப் பற்றினாலும் கையையே இழுத்துக் கொள்ளும். லேசர் விளக்கு ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்கட்டும்; குழந்தைகள் கொட்டகையில் நிற்கும்போது எரியவே வேண்டாம்.

படகுக்காரர் மூடியின் கதையை முடித்துவிடுகின்றேன். டவல் துளைகளிலிருந்து அளந்து உண்மையான நடுவை மீண்டும் கண்டுபிடித்தேன். தவறிய துளையை அந்த நடுவிலிருந்து 53 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினேன். லேத்தில் ஒரு வார்ப்பிரும்புப் புஷ் கடைந்து, அதில் இறுக்கமாக அழுத்தி, தலையை அசைக்காமலேயே மறுபடி 47க்குக் கடைந்தேன். மூடியின் நடுவில் இரும்பு தடிமனாக இருந்ததால் இது கைகூடிற்று, அல்ஹம்து லில்லாஹ். கூலி வாங்கவில்லை. பெட்டியில் பொருத்தித் தண்டைக் கையால் சுற்றியபோது அது வழுக்கிக் கொண்டு சுழன்றது. அந்தப் படகுக்காரர் அதன் பிறகு வேறு பட்டறைக்குப் போகவில்லை.

தொடக்கத்தில் தூக்கு நூலுக்குப் பதிலாகச் சுவரிலேயே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை வரைந்து வைத்திருந்தேன். அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வீடு வெள்ளையடித்தபோது என் மனைவி கொட்டகைச் சுவரையும் சேர்த்து அழகாக வெள்ளையடித்துவிட்டார். அன்று முதல் கூரையில் ஒரு கொக்கி. அதில் ஒரு நூல். நுனியில் ஒரு பித்தளைக் குண்டு.